சாயுயரம் பதினைந்து

ஆகஸ்ட் 30, சனி

இதை எடுத்துப் பிரித்தவருக்கு: நீங்கள் யாராக இருந்தாலும் சரி, இதோடு மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மூட மனம் வரவில்லை என்றால் படித்துத் தொலையுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் வேண்டாம். எப்சிபாவிடம் வேண்டவே வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நான் கெட்டவள் இல்லை. எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லி அழ எனக்கு இருக்கிற ஒரே தோழி எப்சி. எரிவதே அவளைப் பார்த்துத்தான். பிறகு யாரிடம் சொல்வது?

இன்று அவளுடைய இன்ஸ்டா பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் பத்தாயிரம் பேர் ஆனார்கள். சிறப்பு வகுப்பு முடிந்ததும் கேக் வெட்டினாள். கணக்கு எடுக்கிற ஜெபராஜ் சாரே நின்று கைதட்டினார். முதல் துண்டை எப்சி என் வாயில்தான் ஊட்டினாள். "எல்லாம் நம்ம வடிவு போடுத கணக்குதான்" என்று சத்தமாகச் சொன்னாள். யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தில் என்னுடைய ஒரு காது தெரிகிறது.

'பத்தில் நூறு' எங்கள் வலைப்பூ. ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினோம். பத்தாம் வகுப்புக் கணக்குகளை நான் படிப்படியாகப் போட்டு எழுதுவேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றுவேன். ஆள் கூட்டுவது எப்சியின் வேலை. அதற்காகத்தான் இன்ஸ்டாவில் பக்கம் திறந்தாள். ஒரு நிமிடத்தில் பாதிக் கணக்கைச் சொல்லிவிட்டு, மீதி வலைப்பூவில் இருக்கிறது என்று அனுப்பிவைப்பாள். அனுப்பத்தான் செய்கிறாள். வருகிறவர்கள் அவள் சிரிப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். உள்ளே வந்து என் கணக்கைப் பார்ப்பதில்லை.

அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வலைப்பூவுக்கு இன்று இருபத்தேழு வருகை. அதில் ஆறு என்னுடையது.

செப்டம்பர் 5, வெள்ளி

எப்சி வீட்டு மொட்டை மாடியில் என்னை நிறுத்தி வீடியோ எடுத்தாள். "ஒன் கணக்க நீயே சொல்லுட்டி. ஆளுவ நம்புவாவ" என்றாள். பின்னால் பொதிகை மலை தெரிகிற மாதிரி நிற்கச் சொன்னாள். அவளுடைய அம்மா ஸ்டெல்லா அத்தை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மலையை மறைத்துக்கொண்டு ஒரு போர்வை ஆடியது.

"வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து. வணக்கம் சொன்னேன்னு வையி, விரலால தள்ளிவிட்டுட்டுப் போயிருவான். மொத மூணு செகண்டுல ஆளப் பிடிக்கணும். பயத்துல ஆரம்பி. 'இது தெரியலன்னா அஞ்சு மார்க் போச்சு' அப்டின்னு."

"எதுக்குட்டி பயங்காட்டணும்?"

"பயந்தாத்தான் நிப்பான்."

திரும்பத் திரும்ப எடுத்தோம். "ஏட்டி, சாமியாடி மாதிரி மொறைக்க. கொஞ்சம் சிரியேன்" என்றாள். கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அதான் ஒன் பிரச்சினையே" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஸ்டெல்லா அத்தையும் சிரித்துவிட்டார்கள். "அந்தப் பிள்ளைய ஏன் பாடாப் படுத்துத? விடு, போயிப் படிக்கட்டும்" என்றார்கள்.

எடுத்ததைப் போட்டுக் கேட்டேன். ரேஷன் கடையில் கார்டு எண் கூப்பிடுகிற குரல். அழித்துவிடச் சொன்னேன். அதே கணக்கை எப்சி ஒரே மூச்சில் சொல்லி ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 'அக்கா குரல் தேன்.' 'அக்கா கம்மல் எங்க வாங்குனீங்க?' கணக்கைப் பற்றி ஒருவன் மட்டும் எழுதியிருந்தான்: 'விடை தப்பு.' விடை சரி. நான் போட்ட விடை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அந்தக் கம்மலை அவள் வாங்கியது என்னோடு போய்த்தான். நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

எனக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்தேன். 'வடிவு கணக்கு.' எப்சியிடம் சொல்லவில்லை. ராத்திரிக்குள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். சந்தோஷத்தில் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். எப்சியின் சித்தி. எப்சியின் மாமா பையன்கள். அவளுடைய சர்ச்சில் பாடுகிறவர்கள். எப்படியோ கண்டுபிடித்து எல்லாரையும் அனுப்பியிருக்கிறாள்.

எனக்குப் பிச்சை போடுகிறாள்.

செப்டம்பர் 10, புதன்

கடையில் இன்று திரை போட்டாயிற்று.

எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் அம்மாவின் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, எல்லாம். அப்பா மஸ்கட்டில் இருப்பதால் கடை முழுக்க அம்மாதான். அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஏழு பள்ளிகள் சேர்ந்து வைக்கிற காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அடிப்பது நாலு வருடமாக அம்மாவின் வேலை. அந்த நாட்களில் கடையின் பாதியில் பச்சைத் திரை இழுத்துவிடுவாள். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நெட் வயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். தப்பாக அச்சான தாள்களைத் தன் கையாலேயே வெந்நீர் அடுப்பில் போடுவாள். "வினாத்தாள் அடிக்கவளுக்குக் கண்ணும் கையுந்தான். வாய் கெடையாது" என்பாள்.

இந்த வருடம் அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள். போன மாதம் ஜெபராஜ் சார் கடைக்கு வந்தபோது நான் ஸ்டேப்லர் அடித்துக்கொண்டிருந்தேன்.

"எம் பிள்ள இந்த வருசம் பத்தாவது சார். பத்தாவது தாள மட்டும் வேற யார்ட்டயாவது குடுத்துருங்க."

"வேற யாரும்மா கணக்கு அடிப்பா? வர்க்கமூலக் குறி போடச் சொன்னா டிக் அடிச்சுக் கொண்டாரான். ஒங்க மேல நம்பிக்கை இல்லன்னா இந்தப் படி ஏறுவோமா?"

அம்மா சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கு ராத்திரி மட்டும் இரண்டு தடவை அந்தப் பேச்சைச் சொல்லிக் காட்டினாள். நம்பிக்கை என்ற சொல்லை மாவு பிசைகிற மாதிரி உருட்டி உருட்டிச் சொன்னாள்.

இன்று சாயங்காலம் எப்சி அறிவியல் சார்ட்டுக்கு ஒரு பிரிண்ட் எடுக்க வந்தாள். "இன்னைக்கு ஆவாது பிள்ள, திரை போட்டிருக்கேம்லா" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். "சரிங்கத்த" என்று சொல்லிவிட்டு எப்சி படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த முறுக்கில் பாதியை எனக்கு உடைத்துத் தந்தாள்.

"உள்ள நம்ம கொஸ்டின் பேப்பராட்டி?" என்று காதுக்குள் கேட்டாள்.

"தெரியாது. எனக்கு வேண்டாம்."

"எனக்கு மட்டும் வேணுமாக்கும்? சும்மா கேட்டேன்" என்றாள்.

எனக்கு வேண்டாம் என்று நான் சொன்னது அப்போது உண்மைதான்.

செப்டம்பர் 11, வியாழன்

அம்மா பிழை பார்க்க எடுத்த படியைச் சாரிடம் காட்டப் பள்ளிக்குப் போனாள். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். திரை கொஞ்சம் விலகியிருந்தது. கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. அதை மூடத்தான் போனேன். ஒரே ஒரு கேள்வி கண்ணில் பட்டது.

கண்ணில் படுவது குற்றமா?

செப்டம்பர் 13, சனி

வலைப்பூவில் புதிய பதிவு போட்டேன். 'காலாண்டுத் தேர்வு: கட்டாயம் வரக்கூடிய 12 கணக்குகள், என் கணிப்பு.'

நான் நன்றாகப் படிக்கிற பெண். கணிக்க முடியாதா என்ன? இந்தப் பன்னிரண்டில் ஏழு நானே யோசித்தவை. ஊரில் எல்லாரும் கணிப்புப் போடுகிறார்கள். போட்டாலே ஆள் வருகிறது. எனக்கு மட்டும் ஏன் வரக் கூடாது?

அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அவசரத்தில் முதல்முறையாக ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்காமலே ஏற்றினேன். என்னுடைய 'வடிவு கணக்கு' பக்கத்திலும் போட்டேன்.

இப்போது மணி பதினொன்று. வந்தவர்கள் நாற்பது பேர். நாற்பதே பேர்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் சர்ச்சிலிருந்து வந்த கையோடு எப்சி என் பதிவை வைத்து ஒரு ரீல் போட்டுவிட்டாள். தலையில் முக்காடு கூட எடுக்கவில்லை. "இந்தப் பன்னெண்டும் தெரியாமப் பரீட்சைக்குப் போனீங்கன்னா உங்கள ஆண்டவர்தான் காப்பாத்தணும்" என்று ஆரம்பிக்கிறாள். பன்னிரண்டையும் மடமடவென்று படிக்கிறாள். கடைசியில், "இதக் கணிச்சது எங்க கணக்குப் புலி வடிவு. 'பத்தில் நூறு'ல போயிப் பாருங்க" என்கிறாள். படத்துக்குக் கீழேயும் என் பெயர், வலைப்பூவின் முகவரி.

இப்போது அறுபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். வலைப்பூவுக்கு மூவாயிரம் வருகை. நான் ஐந்து மாதமாக உட்கார்ந்து எழுதி வராதவர்கள், அவள் ஒரு நிமிடம் பேசியதும் வந்துவிட்டார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தேன், கருத்துகளைப் படிக்கிற வரைக்கும். 'நன்றி எப்சி அக்கா.' 'எப்சி அக்கா இல்லன்னா நாங்க இல்ல.' நானூறு பேர். ஒரே ஒருவன்தான் என்னைப் பற்றிக் கேட்டிருந்தான். 'வடிவுங்கறது உங்க பாட்டியா அக்கா?'

சண்முகவடிவு என்று எனக்குப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது?

செப்டம்பர் 15, திங்கள்

பதினொன்றாம் தேதி கம்ப்யூட்டர் திறந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். பூட்டித்தான் இருந்தது. கடவுச்சொல் என் பிறந்த நாள்.

செப்டம்பர் 18, வியாழன்

கணக்குத் தேர்வு முடிந்தது.  

வினாத்தாளைக் கொடுத்ததும் வகுப்பே 'ஏய்' என்று மூச்சு விட்டது. பன்னிரண்டில் ஐந்து அப்படியே வந்திருந்தது. நாலு பிள்ளைகள் திரும்பி எப்சியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் திறமை என்றே நினைத்திருக்கிறாள்.

பாதித் தேர்வில் ஜெபராஜ் சார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "எல்லாரும் கவனிங்க. கூம்புக் கணக்குல சாயுயரம் பதினஞ்சுன்னு இருக்கு. அச்சுப் பிழை. இருபத்தஞ்சுன்னு திருத்திக்கிடுங்க" என்றார்.

தாளில் பதினைந்தை அடித்து இருபத்தைந்து என்று எழுதினேன்.

கூம்பின் உயரம் இருபத்துநாலு செ.மீ. உச்சியிலிருந்து சரிந்து இறங்குகிற சாயுயரம் அதைவிட நீளமாகத்தான் இருக்க முடியும். பதினைந்து செ.மீ. என்றால் அப்படி ஒரு கூம்பு உலகத்திலேயே கிடையாது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா கை தவறி அடித்திருக்கிறாள். சாரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் என் கணிப்பிலும் பதினைந்து என்றுதான் இருக்கிறது. நான் ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கணிப்பில் கணக்கு ஒத்துப்போகலாம். ஒரு வினாத்தாளின் பிழையை யாராலும் கணிக்க முடியாது.

மணி அடித்ததும் எப்சியைத் தூக்கிவைத்து ஆடினார்கள். "எப்சி சொன்னதெல்லாம் வந்துட்டு!" என்று கத்தினார்கள். நான் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பயத்திலும் எனக்கு எரிந்தது. அது என் ஐந்து கணக்கு. எப்சி அந்தக் கூட்டத்துக்கு மேலிருந்து என்னைத் தேடினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

ஓடி வந்து வலைப்பூவில் பதினைந்தை இருபத்தைந்து ஆக்கினேன். பிறகு அவளுடைய ரீலைத் திறந்தேன். கீழே என் பெயர் இல்லை. வலைப்பூவின் முகவரி இல்லை. கடைசியில் கணக்குப் புலி என்று சொல்கிற இடத்தையும் வெட்டிவிட்டுப் புதிதாக ஏற்றியிருக்கிறாள்.

பேர் கிடைக்கிற நேரம் பார்த்து என் பேரைத் தூக்கிவிட்டாள். திருடி! ஐந்து மாத உழைப்பு. முறுக்கை உடைத்துக் கொடுத்த கை.

அதற்குள் பாதிப் பேர் இந்த வெட்டிய ரீலை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். "சாயுயரம் பதினஞ்சு" என்று அவள் குரல் இந்தத் தெருவிலேயே மூன்று வீட்டில் கேட்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

எப்சியைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே ரிக்கார்டு நோட்டோடு நின்றவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே அவளுடைய ரீல் ஓடியது. பிறகு ஜெபராஜ் சார் குரல்.

"பதினஞ்சு ஒனக்கு எங்க இருந்து கெடச்சிது? சொல்லு பிள்ள. யார் குடுத்தாவ?"

"யாரும் குடுக்கல சார். நானாத்தான் கணிச்சேன்."

"தப்பையும் சேத்தா கணிச்ச?"

ரீல் மறுபடியும் முதலிலிருந்து ஓடியது.

நானாத்தான் கணிச்சேன்! கேட்டீர்களா? அகப்பட்ட பிறகும் என் பெயரைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று வந்தேன்.

செப்டம்பர் 20, சனி

ஜெபராஜ் சார் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. அம்மா டீ சொல்லட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பிழை எங்கையில வந்ததுதான் சார். இருபத்தஞ்ச பதினஞ்சுன்னு அடிச்சது நாந்தான். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன். ஆனா தாளு இந்தத் திரைய விட்டு வெளிய போவல." அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். "எம் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன்."

நான் அங்கேதான் நின்றேன். ஏ-ஃபோர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தாள் விரலைக் கீறிவிட்டது.

"அந்தப் பொண்ணு எப்சிபா இங்க வந்து போகுமோ?" என்று சார் கேட்டார்.

"அடிக்கடி வரும். இவ கூட்டாளிதான்."

சார் போன பிறகு அம்மா வெகுநேரம் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கேட்டாள். "திரை போட்ட அன்னைக்கு எப்சி வந்தாள்லா? நான் அடுப்புப் பக்கம் போயிருந்தேன். அவ உள்ள எட்டிப் பாத்தாளாட்டி?"

"வந்தா."

"பாத்தாளான்னு கேக்கேன்."

"எனக்குத் தெரியாது."

செப்டம்பர் 21, ஞாயிறு

நான் பொய் சொல்லவில்லை. அவள் வந்தாள்தானே? பார்த்தாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

படியில் என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

எப்சி அறிவியல் தேர்வு எழுத வரவில்லை. எழுத விடவில்லை என்கிறார்கள். புதன்கிழமை ஏழு பள்ளிக்காரர்களும் கூடுகிறார்களாம். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று வகுப்பில் பேச்சு. பத்தாம் வகுப்பில் பாதியில் டி.சி. வாங்கினால் எந்தப் பள்ளி சேர்க்கும்? அரசுத் தேர்வு எப்படி எழுதுவாள்?

அவளுடைய பக்கத்தைத் தேடினேன். இல்லை. பன்னிரண்டாயிரம் பேர், மலை, கம்மல், முக்காடு, எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். எத்தனையோ ராத்திரி அந்தப் பக்கம் தொலைந்து போகட்டும் என்று வேண்டியிருக்கிறேன். போய்விட்டது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஸ்டெல்லா அத்தை கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. எப்சி மாடிப்படியில் இருந்தாள்.

"எம் பேர ஏன் எடுத்த?" என்றேன். அதைத்தான் முதலில் கேட்டேன். கடவுளே, அதைத்தான் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கூமுட்டை. சார் பதினஞ்ச இருபத்தஞ்சுன்னு திருத்துனாவள்லா, அப்பவே எனக்கு வெளங்கிட்டு. ஒங்க திரைக்குள்ள இருந்து வந்ததுன்னு. ஒம் பேரு அங்க இருந்தா மொத ஆளா ஒன்னயத்தான் கூப்பிடுவாவ. அடுத்து ஒங்கம்மாவ. அதான் வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா எடுத்தேன்."

"நீ ஏன் அப்படிச் செய்யணும்?"

"ஊர்ல எல்லாப் பயலுவளுக்கும் படிச்சுக் காட்டுனது நாந்தான? அறுவதாயிரம் பேரு எம் மொகத்தப் பாத்துருக்கான். இனி நான் இல்லன்னா நம்புவானா?" கொஞ்ச நேரம் காலால் படியைத் தேய்த்தாள். "நீ வாயத் தொறந்த, கொன்னுருவேன். ஒங்கம்மாவுக்கு அப்புறம் ஒரு பய கல்யாணப் பத்திரிகை கூடக் குடுக்க மாட்டான்."

"பரீட்சை?"

"அம்மா அழுதா. அப்பா தூத்துக்குடில சித்தி வீட்ல விட்டு தனித்தேர்வரா எழுத வைக்கலாம்ங்காவ. பாப்போம்." பிறகு கேட்டாள். "நான் அன்னைக்கு வந்தேன்னு ஒங்கம்மாகிட்ட சொன்னியாமே? சார் எங்கப்பாட்ட சொன்னாவ."

நான் கீழே பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

"பரவால்லட்டி. வந்தேன்தான?" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். கொஞ்சமாவது அழுகை வர வேண்டும். வருவது அது இல்லை. அவள் குரல் நல்ல குரல். அவள் முகம் நல்ல முகம். போகட்டும் என்று விட்டேன். நல்லவளாக இருப்பதிலாவது நான் முந்தியிருக்கக் கூடாதா? அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவளுடைய டி.சி.யைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என்னைப் போல ஒருத்தி வேறு எங்கேயாவது இருப்பாளா?

செப்டம்பர் 23, செவ்வாய்

பகலில் கல்யாணப் பத்திரிகை இருநூறு மடித்தேன். ஓரம் சேரவில்லை என்று அம்மா எதையும் திருப்பித் தரவில்லை. எப்போதும் திருப்பித் தருவாள்.

திரைக்குள் இருக்கிற கம்ப்யூட்டரில் என் பிறந்த நாளை அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறாள். யாருக்குப் பயந்து மாற்றினாள்? எப்சிக்கு என் பிறந்த நாள் கம்ப்யூட்டரைத் திறக்கும் என்று தெரியாதே. அது இந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள். "நாளைக்குக் கமிட்டில என்னையும் வரச் சொல்லியிருக்காவ. அந்தப் பிள்ள அன்னைக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்லுவேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஒனக்கும் தெரியாது. என்ன?"

'என்ன' என்று கேட்டவள் என்னைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, ஒரு விசயம்."

"சாப்பிடு."

"எம்மா, அந்தத் தாள—"

"ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா நான் கேக்கணும். கேட்டா நாளைக்கு அங்கன சொல்லணும்." தோசை கருகியது. கரண்டியால் சுரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "எம் பிள்ள மேல சத்தியம் பண்ணிட்டு வந்துருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாளைக்குப் போய் அந்த ஒரு வரியைச் சொல்லப் போகிறாள். யார் முன்னாலும் வாய் திறக்காத என் அம்மா எனக்காகத் திறக்கப் போகிறாள். நான் அவள் காலில் விழுந்து சொன்னாலும் கேட்டுக்கொண்டு மறைத்துவிடுவாள். எப்சி தூத்துக்குடிக்குப் போய்விடுவாள். நான் இங்கே நூறு வாங்குவேன்.

அம்மாவால் மறைக்க முடியாத இடத்தில்தான் இதைச் சொல்ல வேண்டும்.

பத்தரை மணிக்கு வலைப்பூவில் எழுதி ஏற்றினேன். வணக்கம் சொல்லவில்லை. முதல் வரி இதுதான்: 'கணக்கு வினாத்தாளைத் திருடியது எப்சிபா இல்லை, நான்.' எந்தத் தேதி, எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஐந்து கணக்குகள், பதினைந்து எப்படி என் பதிவுக்குள் வந்தது, எல்லாம் எழுதினேன். அம்மா கடவுச்சொல்லைச் சொல்லித் தரவில்லை, நானாக ஊகித்தேன் என்று எழுதினேன். எப்சி தேடி அனுப்பிய பதினான்கு பேருக்கும் அனுப்பினேன். எங்கள் வகுப்புக் குழுவுக்கு, மற்ற ஆறு பள்ளிப் பிள்ளைகளின் குழுக்களுக்கு, ஜெபராஜ் சாருக்கு. இனி நான் அழித்தாலும் அழியாது.

அம்மாவிடம் இனி வினாத்தாள் வராது. என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அப்பா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டால் என்ன சொல்வேன்? 

பதினொன்றேகால். நூற்றுப் பத்து பேர். இப்போது நானூறு. இதுவரை இவ்வளவு வேகமாக யாரும் என்னைப் படிக்க வந்ததில்லை. ஜெபராஜ் சார் பார்த்துவிட்டார், இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

கருத்துகள் வர ஆரம்பித்துவிட்டன. பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன்.

'எப்சி அக்கா தெய்வம்.'

'எப்சி அக்கா மாதிரி ஒரு ஃப்ரெண்ட் வேணும்.'

'எப்சி அக்கா, திரும்ப வாங்க, நாங்க இருக்கோம்.'

என்னைத் திட்டக்கூட மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள். மற்ற எல்லாம் அவளுக்கு. நான் எழுதினேன், என் வலைப்பூ, என் குற்றம். கூட்டம் அவளுக்கு.

எரிகிறது. எரியட்டும். அவள் பரீட்சை எழுதுவாள்.

எப்சியிடமிருந்து ஒரு செய்தி: 'ஏட்டி என்ன காரியம் பண்ணித் தொலச்ச.' அடுத்து ஒன்றும் அனுப்பாமல் எழுதிக்கொண்டே இருக்கிறாள். எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.

பக்கத்து அறையில் அம்மாவின் போன் அடிக்கிறது. நின்றுவிட்டது. மறுபடியும் அடிக்கிறது. அம்மா பேசுகிற சத்தம் கேட்கவில்லை. "ஆமா சார்" என்று ஒரு தடவை மட்டும். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. விளக்குப் போட்டாள். கதவுக்குக் கீழே வெளிச்சம் வந்துவிட்டது. அதில் அவளுடைய இரண்டு கால் நிழல். நின்றுகொண்டே இருக்கிறாள், தட்டவில்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது. என் பேனாச் சத்தம் அவளுக்குக் கேட்கும் என்று நினைக்கி

தட்டுகிறாள். "வடிவு" என்கிறாள். திட்டுகிற குரல் இல்லை. அழுகிற குரலும் இல்லை. இப்படி ஒரு குரலில் அம்மா என்னைக் கூப்பிட்டதே இல்